காட்டெருமை எந்த வழியாக வந்தது?

காட்டெருமை ஊருக்குள் வந்துபோகும் எங்கள் மலைப்பகுதியில் வீடுகளுக்குத் தோட்டமும் வேலியும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சிவில் இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் ஒப்பந்தத்தை நானே தெளிவாக எழுதுவேன். காட்டெருமை வேலியை உடைத்து வந்தால் நான் பொறுப்பு, இலவசமாகச் சரிசெய்து தருவேன். திறந்து கிடந்த கேட் வழியாக வந்தால் வீட்டுக்காரர் பொறுப்பு.

இன்று காலை அருவங்காட்டிலிருந்து மாணிக்கம் சார் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், போன வாரம் அவர் வீட்டில் நான் போட்ட புல்தரையில் காட்டெருமை படுத்து அசைபோடுகிறது. வேலி உடைந்திருக்கிறது. கேட்டும் திறந்திருக்கிறது.

பின்வாசல் வழியாக உள்ளே போய், இருவரும் ஒப்பந்தத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.

"வேலியத்தான் ஒடச்சிருக்குது தம்பி, நல்லாப் பாருங்க."

"கேட்டத் தொறந்தது யாருங்க சார்?"

"பால்காரருங்க. அவரு நம்ம ஒப்பந்தத்துல இல்லீங்களே."

சார் அந்த ஊர் வெடிமருந்து ஃபேக்டரியில் தரம் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரே ஒரு சோதனை சொன்னார். "வந்த வழியாவேதானுங்க திரும்பிப் போகும். பாத்துட்டு, யாரு பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாம்."

இதில் அறிவியல் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மூன்று டீ குடித்தோம்.

பதினோரு மணிக்கு அது எழுந்தது. கேட்டைப் பார்த்தது, வேலியைப் பார்த்தது. பிறகு பக்கத்து வீட்டுச் செடிவேலியை இடித்துக்கொண்டு போய் அங்கே படுத்துக்கொண்டது.

அந்தச் செடிவேலியும் நான் போட்டதுதான். அதே ஒப்பந்தம்தான்.

மாணிக்கம் சார் உடனே பக்கத்து வீட்டுக்கு போன் போட்டார். "ஏனுங்க, உங்க கேட்டு சாத்தித்தானுங்களே இருக்குது? அப்ப உங்களுக்குக் கவலையே இல்லீங்க. தம்பி இங்கதான் இருக்காரு, அனுப்பி வைக்கறேன்."

காட்டெருமையையும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்க முடியுமா? வக்கீல் நண்பர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.