மஞ்சள் கூப்பன்

காலை ஆறு ஐம்பது. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் உள்ள தொழிற்சாலையின் கேன்டீன் கண்ணாடியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் தாள். இன்று முதல் சாப்பாட்டுக் கூப்பன் செல்லாது, சாப்பாட்டுப் பணம் இனிக் கைப்பேசியில் வரும் என்று மலாயில் அச்சிட்டிருந்தது. கையில் மிச்சமிருக்கும் கூப்பன்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பத்திரிகை வேலை போனபின் அங்கே ஸ்டோரில் சேர்ந்திருந்தேன். என் சட்டைப்பையிலும் கூப்பன்கள் இருந்தன. மஞ்சள் அட்டை, ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட் மதிப்பு, நிறுவனத்தின் முத்திரை. சாப்பாட்டுக்கென்று கொடுத்ததுதான். ஆனால் ஹாஸ்டலில் முடிவெட்டுகிறவர் அதை வாங்கினார்; மோட்டார் கழுவுகிறவரும் வாங்கினார். கேன்டீன் நடத்திய அக்கா எப்போது நீட்டினாலும் சோறு போடுவார் என்பதால் எல்லாரும் வாங்கினார்கள். மாதக் கடைசியில் அலுவலகம் அவருக்குப் பணம் கொடுத்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வங்கி நோட்டு இதைவிட எந்த வகையில் உசத்தி என்று யாரும் எனக்கு இதுவரை விளக்கவில்லை. அதுவும் வாக்குக் கொடுத்த காகிதம்தான்.

அந்த மாதம் வாங்கிய கூப்பன்கள் அக்காவின் டிராயரில் கட்டுக்கட்டாக இருந்தன. அரிசிக்கும் கேஸுக்கும் அதுதான் முதல். மனிதவள அதிகாரி, தமிழர்தான், உள்ளே வந்ததும் அக்கா அவரை மறித்துக் கேட்டார்.

"சார், நான் வச்சிருக்கிறதுக்குக் காசு?"

"புது சிஸ்டம்கா. இனிமே அது வெறும் பேப்பர்."

"குடுக்கிறப்ப பேப்பர்னு சொல்லலையே."

"மேல கேட்டுச் சொல்றேன் லா." போய்விட்டார்.

இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள்.

"என்ன முழிக்கிறீங்க? கொண்டாங்க." அக்கா வாங்கி டிராயரில் போட்டார், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை நீட்டினார்.

ஃபோர்க்லிப்ட் ஓட்டும் பையன் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஆபிஸ் காசு தரலன்னா உங்க கடையே போயிரும்கா."

"போனா போகட்டும். என் கவுன்டர்ல எது செல்லும்னு நான்தான் சொல்லுவேன்."

மதியம் அதே அதிகாரி தட்டில் சோறும் மீன் கறியும் எடுத்துக்கொண்டு, கட்டணம் செலுத்தக் கைப்பேசியை நீட்டினார்.

"அது இங்க செல்லாது சார். கூப்பன் இருக்கா?"

வரிசை சிரித்தது.

"விளையாடாதீங்கக்கா. கான்ட்ராக்ட் ஞாபகம் இருக்கட்டும்."

"கான்ட்ராக்ட்ல கூப்பன்னுதான் போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க."

ஃபோர்க்லிப்ட் பையன் முன்னால் வந்தான். "பாஸ், எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு அஞ்சு வெள்ளி. கேஷ்."

"ஆறு கேளுடா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கறி ஆறிக்கொண்டிருந்தது. அதிகாரி பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்து, காலையில் தானே பேப்பர் என்று சொன்ன இரண்டையும் வாங்கி அக்காவிடம் தந்தார். அக்கா அவற்றை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"இது செல்லாதுன்னா, நீங்க இப்ப சாப்பிடப்போறது ஓசிச் சோறு சார்."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். நாங்கள் ஒருவரும் கலையவில்லை.

மாலை ஷிப்ட் பஸ் வந்து நின்றபோது கண்ணாடியில் வேறு தாள் இருந்தது. கூப்பன் மாதக் கடைசிவரை செல்லும். கேன்டீன் வாங்கிய எல்லாவற்றுக்கும் அலுவலகம் பணம் தரும்.

மாதக் கடைசியில் அக்காவுக்குப் பணம் காசோலையாக வந்தது. வாக்குக் கொடுத்த இன்னொரு காகிதம்.