சணலில் பின்னிய இரும்புச் சட்டை

என் அத்தை சித்தூர் மிஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவள். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், மதராசிலிருந்து சினிமாக் கம்பெனிக்காரர் ஒருவர் சணல்நூல் கண்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்திரகிரிக் கோட்டையில் ராஜா கதை ஒன்றைப் படம் பிடிக்கப்போகிறார்களாம். வீரர்களுக்கு இரும்பு வளையக் கவசம் வேண்டுமாம்.

"நெஜ இரும்பெல்லாம் சண்டைக்குப் போயிட்டுதும்மா. நீங்கதான் பின்னித் தரணும்" என்றார்.

சினிமா பார்ப்பதே பாவம் என்று நம்பிய வீடு எங்களுடையது. நைனா, என் அப்பா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அத்தையோ, "பாக்கறதுதானே பாவம்? நான் பின்னத்தானே போறேன்" என்று ஊசிகளை எடுத்துவிட்டாள். கூடமெங்கும் அழுக்குநிறச் சட்டைகள் குவிந்தன. சோற்றில்கூடக் கோணிப்பை வாசனை அடித்தது.

அவற்றைக் கொடுக்கப் போனபோது என்னையும் ரயிலில் அழைத்துப் போனாள். கோட்டைக்குள் வெள்ளிப் பெயிண்ட் அடித்து வெயிலில் காயவைத்தார்கள். பிறகு ஆட்கள் அவற்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சணலைக் காணோம். அத்தனையும் இரும்பு! ஒருவன் வாளை ஓங்கி இன்னொருவன் மார்பில் வெட்டினான். வாள்தான் முறிந்து விழுந்தது. வெட்டுப்பட்டவன் சிரித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் திராட்சரசமான கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருந்தேன். அப்படி ஒரு அற்புதத்தைச் செய்யக்கூடிய விரல்கள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கொஞ்ச நாளில் மாமா, அத்தையின் புருஷன், பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும் விஷயம் சுலபமாகத் தெரிந்தது.

"அத்தே, மாமாக்கும் ஒண்ணு பின்னிக் குடேன். குண்டு பட்டாக்கூட ஒண்ணும் ஆவாதில்ல?"

அத்தை என்னையே பார்த்தாள். "நூலு மீந்துகினுதான் கீது பாப்பா. பின்னிட்டாப் போச்சு" என்றாள். சினிமாக் கம்பெனிக்காரரிடம் மிச்சமிருந்த பெயிண்டை வாங்கிவந்து தந்தாள். நானே பூசினேன்.

மாமாவை நாங்கள் கடைசியாகப் பார்த்தது சித்தூர் ஸ்டேஷனில்தான். காக்கிச் சட்டைக்கு மேல் அதைப் போட்டிருந்தார். உடன் போகிறவர்கள் சிரித்தார்கள். அவர் என் முன்னால் குனிந்து, "எங்கியாவது ஓட்டை கீதான்னு நல்லாப் பாரு" என்றார்.

சுற்றிவந்து பார்த்தேன். "இல்ல மாமா."

ரயில் நகர்ந்ததும் அத்தை குலுங்கிக் குலுங்கி அழுதாள். நைனாவும் அழுதார். எனக்குக் கோபம் வந்தது. தன் கையால் பின்னியதை அவளே நம்பவில்லையே! அந்தப் பிளாட்பாரத்தில் நிம்மதியாகக் கையசைத்துக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான்.