கையுறை வைத்த நாற்காலி

நாங்கள் குடியேறியிருந்த பியர்பொன்ட்ஸ் நகரசபைக் கூட்டங்களில் அவரைக் கண்டிருக்கிறேன். உயரமான தமிழர். முன்வரிசையில் இருந்துகொண்டு, யாருக்கோ இடம் பிடித்ததுபோலப் பக்கத்து நாற்காலியில் தன் கையுறைகளை வைத்திருப்பார். பனி உருகும்போது எங்கள் பகுதி நிலவறைகளுக்குள் வெள்ளம் வரும். கடன் கூடிவிட்டதென்று சபை புது வடிகால் குழாய் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து அதைப் பற்றிக் கேட்பார்.

ஒருநாள் கையுறைகளை எடுத்துவிட்டு, "இதிலை இருங்கோ அண்ணை," என்றார்.

"எனக்குச் சபையிலை கதைக்க வராது."

"கதைக்கிறது நான். நான் எழும்பேக்கை நீங்களும் எழும்புங்கோ. தனி ஆளெண்டால் ஏதோ பைத்தியம், விசரன் எண்டு நினைப்பினம். ரெண்டு பேரெண்டால் சனம்."

கேள்வி நேரத்தில் அவர் எழுந்ததும் நானும் எழுந்து நின்றேன். அவர் கேட்டதைக் குறித்துக்கொள்ள மேயர் முதன்முறையாகப் பேனாவை எடுத்தார்.

அடுத்த மாதம் அவரைக் காணவில்லை. கேள்வி நேரம் வந்ததும் பக்கத்து நாற்காலியில் அவருக்காக என் கையுறைகளை வைத்துவிட்டு, குழாய் வேலையைப் பற்றிக் கேட்கத் தனியே எழுந்தேன்.