சராசரி சாயும் பக்கம்

ஒரே ஒரு ஊரிலே ரெண்டு வகுப்பு இருந்ததாம். ஒன்றில் நாற்பது பேருக்குச் சராசரி மார்க் அறுபது, மற்றதில் இருபது பேருக்குத் தொண்ணூறு. பாங்க் பரீட்சைக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவன் பிழைப்பு இப்படித்தான் தொடங்கும். இரண்டையும் சேர்த்தால் என்ன சராசரி என்று கேட்டு முடிப்பதற்குள் "எழுபத்தஞ்சு!" என்று கத்துவார்கள். விடை எழுபது. நீங்களும் எழுபத்தைந்துதானே நினைத்தீர்கள்? வாருங்கள், நம்ம கூட்டம்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில், இப்படி ஐந்து பேர் என்னிடம் மாட்டியிருந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்

பஸ் போகும்போது மணிக்கு முப்பது கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது இருபது. சராசரி வேகம் என்ன? ஐந்து பேரும் இருபத்தைந்து என்றார்கள். மெதுவாக வந்த நேரம்தான் அதிகம், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்து இருபத்திநான்கு என்று போர்டு நிறைய எழுதி மூச்சு வாங்கினேன். அப்பாவின் மளிகைக் கடையிலிருந்து நழுவி வரும் ராமராஜு எழுந்தான்.

"ஆடிப்பூரத் தேர் அன்னைக்கு வண்டியே நகராதே சார், அதுக்கு என்ன எழுதணும்?"

பேலுக்குப் பேல்

கோமதியக்கா ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு கலக்கும் இடத்தில் வேலை பார்த்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் சார் என்பார். பஞ்சுத் தூசியில் அப்போதே இழுப்பு வந்துவிட்டது. வயது வரம்பு முடியப் போவதால் அவருக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. விட்டால் ஆயுசுக்கும் அந்தத் தூசிதான்.

அவருக்காகவே பஞ்சுக் கணக்குப் போட்டேன்: முப்பத்திரண்டு மில்லிமீட்டர் இழையில் ஒரு பேல், அதாவது ஒரு பொதி, இருபத்தெட்டில் மூன்று பேல்; கலந்தால் சராசரி இழை நீளம் என்ன? சட்டென்று "முப்பது" என்றார். இருபத்தொன்பது அக்கா, எந்தக் குவியல் பெரிசோ அந்தப் பக்கம் சாயும் என்றேன். அக்கா எழுந்து போர்டைக் காட்டினார்.

"எங்க மில்லுல பேலுக்குப் பேல் சரிசமமாத்தான் போடுவோம் சார். இப்படிக் கலந்தா மேஸ்திரி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

டீக்கடைத் தீர்ப்பு

பரீட்சை முடிந்த சாயங்காலம் கீழே டீக்கடையில் கூடினோம். நாற்பது வயதுச் சராசரியில் முப்பது ஆண்கள், இருபது வயதுச் சராசரியில் பத்துப் பெண்கள்; மொத்தச் சராசரி கேட்டிருந்தான். நாலு பேர் "முப்பது" என்று கைகொடுத்துக்கொண்டார்கள். கோமதியக்கா மட்டும் "முப்பத்தஞ்சு" என்றார். முகம் வெளிறிவிட்டது.

"விடுங்கக்கா," என்று ராமராஜு அவருக்கு வடை வாங்கிக் கொடுத்தான். "நாலு பேருக்கு ஒண்ணுபோல வந்திருக்கு, தப்பாவா இருக்கும்?"

முப்பத்தைந்துதான் சரி என்று நான் இரண்டு தரம் சொன்னேன். பாய்லர் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. நாலு பேரும் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். அக்கா வடையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு சார். பாவம், நாலும் சிரிச்சுக்கிட்டுப் போகட்டும்னுதான் சும்மா இருந்தேன். வாரேன்."

மில் பக்கம் நடந்தார்.

இன்டர்வியூ கார்டு அவருக்கு மட்டும்தான் வந்தது. ஆனால் கூட்டம் எங்கே அதிகமோ அங்கே சாயவேண்டும் என்ற என் பாடத்தை மற்ற நாலு பேரும்தான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள்.