மச்சாளின் கண்ணும் என் கண்கட்டியும்

எனக்கும் என் கணவரின் தங்கை சுபாவுக்கும் ஒரே மாதத்தில் மேலிமையில் கண்கட்டி வந்தது. குரோருட் என்ற பகுதியில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். இளஞ்சூட்டுத் துணி ஒத்தடத்தில் அவளுக்கு மூன்று வாரத்தில் கரைந்துவிட்டது. எனக்கோ பட்டாணி போல அப்படியே நின்றது.

அடுத்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். சுபா தன் வீட்டுக் கண்ணாடி முன் மை தீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து கட்டியை நகத்தால் பிதுக்கினேன். மறுநாள் காலை கன்னம் வரை வீங்கி, கண் திறக்கவே முடியவில்லை.

சுபாதான் காரில் மருத்துவரிடம் கொண்டுபோனாள்.

"ஏன் மச்சாள் நெரிச்சனீங்கள்?"

"உன்ரை கண்ணைப் பார்க்க ஏலாமல் போச்சுது."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு முந்தி ஒருக்கா வந்த கட்டியை வெட்டித்தான் எடுத்தவை. வெக்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மருந்தில் வீக்கம் வற்றிய பிறகு, கண் மருத்துவர் இமையை மரத்துப்போகச் செய்து, உட்பக்கமாகக் கீறிக் கட்டியை எடுத்தார். பத்து நிமிட வேலை. வெளியே தழும்பில்லை. கல்யாணத்துக்குத்தான் என்னால் போக முடியவில்லை.

இப்போது கட்டி வந்தால் ஒத்தடம் மட்டுமே. ஒரு மாதத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுவேன். சுபாவின் கண்ணைப் பார்த்தால் இன்னும் பொறாமைதான். ஆனால் என் இமையில் கை வைப்பதில்லை.