சூட்டுக்கு யார் காரணம்?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பழுதைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்ததை நம்பவைப்பது மீதி, அதைச் சொல்லித்தர எந்தக் கோர்ஸும் கிடையாது. பெரம்பலூரில் ஒரு சர்வீஸ் கடையில் இருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அரியலூர் வரை போய் வருவது என் பங்கு. வெயில் ஏறினால் போதும், 'தானா ஆஃப் ஆயிடுது' என்று போன் வர ஆரம்பித்துவிடும். இதே வேலையில் இருப்பவர்களே, அந்தக் குரலைக் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைக்கத் தோன்றுவது எனக்கு மட்டும்தானா?

சும்மா உட்கார்ந்திருப்பது

துறையூர் ரோட்டில் ஒரு மக்காச்சோள மண்டி. அதன் முதலாளி கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கிற சாமானுக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்டார். உண்மையாகவே கேட்கிறார் என்று நம்பி விளக்கினேன். உள்ளே நகத்தளவு சில்லில் கோடிக்கணக்கான சுவிட்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நொடியும் அவை ஓயாமல் ஆன் ஆகி ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் துளி கரண்ட் நிரம்பி வடியும். மோட்டாருக்குப் போகிற கரண்ட் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. இங்கே ஏற்றவோ இழுக்கவோ எதுவும் இல்லை. உள்ளே போனது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதைத் தள்ளத்தான் மேலே அலுமினியத் தகடும் ஃபேனும். அந்த ஃபேனில் சோளத்தூசி அடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, நீ சொல்றது இருக்கட்டும். சார் எப்ப வருவாரு?"

எடைமேடை

அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுத்தி எடை போடுகிற இடம். தகர ஷீட் போட்ட அறை, ஒரே ஒரு ஜன்னல். உள்ளே கம்ப்யூட்டரும், அதில் ரசீது போடுகிற செல்வியும். மதியமானால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். லாரிகள் ரோடு வரை தேங்கும், டிரைவர்கள் செல்வியைத் திட்டுவார்கள். வேலை செய்ய அலுத்துக்கொண்டு அவளேதான் அணைக்கிறாள் என்று ஓனர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஓனர் காதில் ஏறுகிற மாதிரி சொல்லுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் செல்வி.

திறந்து பார்த்தேன். தகட்டின் மேல் சுண்ணாம்புத்தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. போதாததற்கு, தூசிக்குப் பயந்து ஓனரே போடச் சொன்ன பிளாஸ்டிக் உறை வேறு. ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சூடு எல்லை மீறினால் சில்லு முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அப்போதும் அடங்காவிட்டால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே நின்றுவிடும். இதை யாரும் அணைக்கவில்லை என்றேன். துடைத்து, புது பேஸ்ட் தடவி, உறையைக் கழற்றினேன். அறைக்குக் காற்று வராவிட்டால் மறுபடி நிற்கும் என்றும் சொன்னேன். செல்வி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓனர் அந்தத் தூசியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நீயும் பொம்பள, அவளும் பொம்பள. வேற எப்படிச் சொல்லுவ?"

ஏசி

அந்த வாரமே செல்வியை நிறுத்திவிட்டார்கள். அந்த நாற்காலியில் ஓனரின் மச்சான் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் போன். மச்சான் இருக்கும்போதும் மதியம் நின்றுபோகிறதாம். இந்தத் தடவை யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. நான் போனபோது சுவரில் ஓட்டை போட்டு ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வி கோடை முழுக்க ஒரு டேபிள் ஃபேன் கேட்டுக் கிடைக்காத அறை அது. அவள் இருந்தபோதே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன்.

ஓனர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "மனுசங்க ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சு சமாளிச்சுக்குவாங்க. மெஷினுக்கு வாயா இருக்கு, பாவம்."

கடையில்

நான் பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் ஓனர் என் முதலாளிக்குப் போன் போட்டிருந்தார். அந்தப் பொண்ணு ரொம்பப் பேசுது என்று புகார். நடந்ததை எல்லாம் கொட்டினேன். முதலாளி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே கேட்டார், "காரணத்த யாரும்மா கேட்டா? சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டா ஆச்சு."

பஸ் ஸ்டாண்டில்

பிறகு ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன். முந்திரிக்கொட்டை வறுக்கிற கொட்டகைக்குப் போகிறாளாம். உள்ளங்கை இரண்டும் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருந்தது. நல்ல செய்தி சொல்கிற வேகத்தில், அவள் போனபிறகும் அந்தக் கம்ப்யூட்டர் நின்றதையும், ஏசி வந்ததையும், அவள் மேல் தப்பில்லை என்று இப்போது ஓனருக்கே தெரிந்துவிட்டதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள், "அவருக்கு அப்பவே தெரியும்க்கா. மச்சானுக்கு ஒரு எடம் வேணும்ல."

கம்ப்யூட்டர் ஏன் சுடுகிறது என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கும் சளைக்காமல் விளக்குகிறேன். வீட்டில் வேலையில்லாத மச்சான் யாராவது இருக்கிறாரா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.