நாலில் ஒரு குரல்

சுகிர்தத்துக்குப் பாடவே வராது என்று மதுரையில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் அவளைத் தனியாகக் கேட்டவர்கள். அவளைத் தனியாகப் பாடச் சொன்னதே தப்பு. அதை எடுத்துச் சொன்னால் யாருக்குப் புரிகிறது?

அவள் அப்பா மலைச்சாமி கீழக்குயில்குடியில் பண்ணை வேலை பார்த்தவர். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு டவுனுக்கு வந்து மிஷன் வளாகத்தில் வாட்ச்மேன் ஆனார். மகள் அங்கேயே படித்து, அங்கேயே தையல் டீச்சரும் ஆனாள். மிஷனை நடத்திய துரைசானியம்மா, வளாகத்துக் கோவிலில் நாலு வகைக் குரல்கள் சேர்ந்து பாடும் கொயர் ஆரம்பித்தபோது, இந்தக் கனத்த குரல் மேலே ஏறாது என்று அவளை ஆல்டோ என்ற தணிந்த பெண்குரலில் நிறுத்தினார். மெட்டைப் பாடுவது சோப்ரானோ என்ற மேல்குரலில் நிற்கும் பாக்கியம் என்ற பெண். மெட்டு தன்பாட்டுக்கு ஏறி இறங்கி விளையாடும். ஆல்டோ கீழேயே நின்று ஒரே சுரத்தை நாலைந்து தரம் சொல்லி, ஒரு படி இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கே வரும். அதற்கும் கீழே ஆசீர்வாதம் என்பவர் பாடும் ஆண்குரல், டெனர். எல்லாவற்றுக்கும் அடியில் மில் தொழிலாளி வெள்ளைத்துரையின் அடிக்குரல், பாஸ்.

சொல்வது சுலபம். பக்கத்தில் பாக்கியம் கணீரென்று மெட்டை இழுத்தால் நம் குரலும் அவள் பின்னாலேயே ஓடும். சுகிர்தம் முதல் வருஷம் முழுக்க ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பாடினாள். பிறகு ஒரு கிறிஸ்துமஸ் காலை, ஆமென் சொல்லும் இடத்தில் நாலு குரலும் பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டன. எது தன் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்து அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்காகவே வாரம் முழுக்க உயிரோடு இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் திண்டுக்கல்லிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "கொயர்ல பாடுற புள்ளையாம்ல, ஒரு பாட்டுப் பாடு தாயி" என்றாள். எல்லாருக்கும் தெரிந்த ஞானப்பாட்டு ஒன்றை எடுத்தாள் சுகிர்தம். வந்தது ஆல்டோ. அவள் மெட்டைப் பாடியதே இல்லை. முயன்றால் தொண்டை கிறீச்சிடும். வந்தவர்கள் அந்தப் பாட்டில் தங்களுக்குத் தெரிந்த பாட்டைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏன் தாயி, ஒடம்புக்குச் சொகமில்லையா?"

மலைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "கூட இன்னும் மூணு பேரு பாடணும்மா. இது நாலுல ஒரு பங்குதான்."

"அப்ப அந்த மூணு பேரையும் சேத்துக் கட்டிக் குடுப்பீகளா?"

சிரித்துக்கொண்டே போனவர்கள்தான், பதிலே இல்லை. அடுத்து வந்த இடங்களுக்கு அந்தப் பேச்சு முந்திக்கொண்டு போயிருந்தது. கொஞ்ச காலத்தில் யாரும் வருவதும் நின்றது. சுகிர்தம் அதற்காக அதிகம் அழவில்லை. கொயர் இருக்கிறதே என்று நினைத்தாள். பாவி, அதையல்லவா நம்பினாள்!

பாக்கியம் கல்யாணமாகி இலங்கைத் தோட்டத்துக்குப் போனாள். துரைசானியம்மா கப்பல் ஏறியபோது சுரப் புத்தகங்களும் கூடவே போயின. ஆசீர்வாதத்தை வாந்திபேதி கொண்டுபோயிற்று. மெட்டே இல்லாமல் ஆல்டோவும் பாஸும் மட்டும் ஒரு பண்டிகைக்குப் பாடிப் பார்த்தன. முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வெள்ளைத்துரையும் பட்டாளத்தில் சேர்ந்தார்.

"நீங்களும் போயிட்டா நான் யாரோட பாடுறதுண்ணே?"

"சனத்தோட சேந்து பாடு தாயி. அம்புட்டுத்தேன். வாரேன்."

பர்மா பக்கம் போனார் என்றார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

சனத்தோடு சேர்ந்து பாடினாள். புதிதாக வந்த போதகர் ஆர்மோனியம் வைத்து, சபை முழுக்க ஒரே மெட்டில் பாடும் பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். நடுப் பெஞ்சிலிருந்து அவள் குரல் மட்டும் வேறு வழியில் போகும். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஆராதனை முடிந்து போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல உள்ளவங்களுக்குச் சுதி தட்டுதாம். நீங்க மனசுக்குள்ளயே பாடுங்களேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறு வாரத்திலிருந்து உதடு மூடியபடி மனசுக்குள் ஆல்டோ பாடினாள். சுற்றிலும் நூறு பேர் மெட்டைப் பாட, வாயில்லாத குரல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? ஓர் ஈஸ்டர் ஞாயிறு, பாட்டின் நடுவில் திடுக்கிட்டாள். மனசுக்குள் அவளும் எல்லாரோடும் மெட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். மனசில் தொண்டை கிறீச்சிடாது அல்லவா, சுகமாகத்தான் ஏறியது. அவசரமாகக் கீழே இறங்கித் தன் ஆல்டோவைத் தேடினாள். முதல் சுரம் எது என்றே நினைவுக்கு வரவில்லை. அடுத்த சரணம் வந்தது, அதுவும் போனது. எடுத்துக் கொடுக்க அந்தக் கோவிலில் ஒருவரும் இல்லை.